ஆற்றுமணலும் அலைவாய்க்கரையும்

நுழையும்முன்

கடல் என்றதும் நெய்தல் நிலமும் கடலோர ஊர்களுமே நினைவுக்கு வருகின்றன. மலையும் வயலும் சூழ்ந்த உள்நாட்டு ஊரில் வாழ்பவர்க்கும் கடலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று எண்ணுவது இயல்பு. ஆயினும், ஒரு கடற்கரையின் வரலாறு கடலில் தொடங்குவதில்லை, மலையில் தொடங்குகிறது. சேலம் மாவட்டத்தின் ஆத்தூரையும் வங்கக் கடலோரப் பரங்கிப்பேட்டையையும் இணைக்கும் ஓர் ஆற்றின் வழியாகக் கடற்கரைகள் எவ்வாறு உருவாகின்றன, எவ்வாறு மாறுகின்றன, அவற்றைக் காப்பது எவ்வாறு என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

மலையில் பிறக்கும் கரை

ஆத்தூர்க் கோட்டையின் மதிலை ஒட்டி வசிட்ட நதி ஓடுகிறது. கல்வராயன் மலையிலும் அதனை அடுத்த குன்றுகளிலும் பெய்யும் மழைநீரைத் திரட்டிக்கொண்டு கிழக்கு நோக்கி வரும் ஆறு இது. ஆண்டின் பெரும்பகுதி இதில் நீரோட்டம் காண்பது அரிது. வடகிழக்குப் பருவமழை நன்கு பெய்த ஆண்டுகளில் மட்டும் இரு கரையும் தொட்டுச் செந்நிற வெள்ளம் பாயும். அந்தச் செந்நிறமே கவனிக்கத் தக்கது. வெறும் நீருக்கு நிறமில்லை. மலையின் மண்ணையும் பாறைத் துகளையும் சுமந்து வருவதால்தான் ஆறு சிவக்கிறது.

சேலம் வட்டாரத்து மலைகள் மிகப் பழைமையான கடும்பாறைகளால் ஆனவை. வெயிலும் மழையும் அப்பாறைகளை இடைவிடாது சிதைக்கின்றன. பகலில் சூடேறி விரிந்தும் இரவில் குளிர்ந்து சுருங்கியும் பாறையில் வெடிப்புகள் தோன்றுகின்றன. வெடிப்புகளில் புகும் நீரும் மரவேர்களும் அவற்றை மேலும் அகலப்படுத்துகின்றன. இவ்வாறு சிதைந்த பாறையில் மெல்லிய கூறுகள் களிமண்ணாகின்றன. எளிதில் கரையாத குவார்ட்சு போன்ற வன்மையான கூறுகள் மணலாக எஞ்சுகின்றன. களிமண் நீரில் கலந்து மிதந்து செல்லும். மணலோ ஆற்றின் படுகையில் உருண்டும் துள்ளியும் வெள்ளத்துக்கு வெள்ளம் சிறிது சிறிதாக நகரும். ஓர் ஆண்டின் வெள்ளத்தில் புறப்பட்ட மணல் அதே ஆண்டில் கடலை அடைவதில்லை. இடையில் பல இடங்களில் தங்கித் தங்கி, தலைமுறைகள் கடந்து அது கடல் சேர்கிறது.

ஆத்தூரையும் தலைவாசலையும் கடந்த வசிட்ட நதி, தம்மம்பட்டிப் பக்கமிருந்து வரும் சுவேத நதியுடன் கூடுகிறது. அதன்பின் இவ்வாறு வெள்ளாறு என்னும் பெயரைப் பெறுகிறது. தொழுதூர், திட்டக்குடி, பெண்ணாடம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி ஆகிய ஊர்களின் வழியே சென்று, வழியில் மணிமுத்தாற்றையும் சேர்த்துக்கொண்டு, பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலில் கலக்கிறது. ஆத்தூரிலிருந்து அவ்விடம் நேர்த்தொலைவில் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். கல்வராயன் மலையின் பாறைத் துகள் ஒன்று இத்தனை தொலைவும் கடந்து பரங்கிப்பேட்டைக் கடற்கரையின் மணலாகிறது. ஆத்தூர் மாணவர் ஒருவர் அங்குச் சென்று ஒரு பிடி மணலை அள்ளினால், அதில் தம் ஊர்மலையின் ஒரு கூறும் இருக்கக்கூடும்.

தெரிந்து தெளிவோம்

தமிழ்நாட்டில் வெள்ளாறு என்னும் பெயரில் இரண்டு ஆறுகள் உள்ளன. சேலம் பகுதியில் தோன்றிப் பரங்கிப்பேட்டையில் கடல் சேர்வது ஒன்று. புதுக்கோட்டை வழியே ஓடிக் கடலில் கலப்பது மற்றொன்று. முன்னதன் முகத்துவாரத்தில் உள்ள பரங்கிப்பேட்டைக்குப் போர்ச்சுகீசியர் போர்ட்டோ நோவோ எனப் பெயரிட்டனர். 19ஆம் நூற்றாண்டில் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் அங்கு இரும்பாலை ஒன்றை நிறுவினார். சேலம் பகுதியின் இரும்புத்தாது அவ்வாலைக்குப் பயன்பட்டது. மணலைப் போன்றே சேலத்தின் இரும்பும் அக்கடற்கரையை அடைந்திருக்கிறது.

நிலையற்ற எல்லை

நிலம் முடிந்து கடல் தொடங்கும் கோடே கரைக்கோடு. நிலப்படத்தில் அது உறுதியான கோடாகத் தோன்றினும் உண்மையில் ஒருநாளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஓதம் ஏறும்போதும் இறங்கும்போதும் அது நாள்தோறும் இடம்பெயர்கிறது. பருவக்காற்று மாறும்போது மாதந்தோறும், ஆறுகள் மணல் கொணரும் அளவுக்கேற்ப ஆண்டுதோறும், கடல்மட்டம் உயர்ந்து தாழும்போது ஊழிதோறும் அது மாறிக்கொண்டே இருக்கிறது.

அதன் நீளத்தை அளப்பதும் எளிதன்று. இந்தியக் கடற்கரையின் நீளம் 7516.6 கிலோமீட்டர் என்றே நெடுங்காலம் பாடநூல்கள் குறிப்பிட்டு வந்தன. அண்மையில் நடைபெற்ற மறு அளவீட்டில் அது 11,098.8 கிலோமீட்டர் எனக் கணக்கிடப்பட்டது. இந்த இடைக்காலத்தில் இந்திய நிலப்பரப்பு விரிவடைந்துவிடவில்லை. முன்பு மேலோட்டமாக அளந்ததை, இப்போது கழிமுகங்கள், உப்பங்கழிகள், சிறு வளைவுகள் ஆகிய அனைத்தையும் தொட்டு நுட்பமாக அளந்தனர். அளவுகோல் சிறிதாகச் சிறிதாகக் கரையின் நீளம் கூடுகிறது என்பது நிலவியலாளர் அறிந்த உண்மை.

ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியூழிக் காலத்தின் உச்சத்தில், உலகின் நீரில் பெரும்பங்கு பனிப்பாளங்களாக உறைந்திருந்தது. அப்போது கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்வாக இருந்தது. இன்றைய பாக் நீரிணை அன்று நடந்து கடக்கத்தக்க தரையாக இருந்தது. பனி உருக உருகக் கடல் ஏறியது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கடல்மட்டம் ஏறத்தாழ இன்றைய நிலையை எட்டியது. எனவே, நாம் காணும் கடற்கரைகள் நிலவியல் கணக்கில் மிக இளையவை.

அலையின் கைவேலை

ஆறு கொணர்ந்து சேர்த்த மணலைக் கரையாக அமைப்பது அலை. கடலின் மேற்பரப்பில் காற்று உராய்வதால் அலை பிறக்கிறது. காற்றின் வேகம், அது வீசும் கால அளவு, தடையின்றி வீசும் கடற்பரப்பின் நீளம் ஆகிய மூன்றும் அலையின் ஆற்றலை முடிவு செய்கின்றன. ஆழ்கடலில் அலை நகரும்போது நீர் முன்னேறிச் செல்வதில்லை. நின்ற இடத்திலேயே சுழல்கிறது. கரையை அண்மித்து ஆழம் குறைந்ததும் அலையின் அடிப்பகுதி தரையில் உராய்ந்து தாமதிக்கிறது; மேற்பகுதி முந்திச் சென்று மடிந்து உடைகிறது.

உடைந்த அலை கரைமேல் ஏறும்போது மணலைக் கொண்டுவருகிறது. திரும்பும்போது ஒரு பகுதியை எடுத்துச் செல்கிறது. மெல்லிய நீளலைகள் வரும் பருவத்தில் கொடுப்பது மிகுதி, கரை வளர்கிறது. புயற்காலத்தின் செங்குத்தான அலைகளில் எடுப்பது மிகுதி, கரை தேய்கிறது. கரையிலிருந்து எடுக்கப்பட்ட மணல், சற்றுத் தொலைவில் கடலடியில் திட்டாகக் குவிந்து நின்று, அடுத்த பருவத்தில் மீண்டும் கரை சேர்கிறது. ஆகவே, ஒரு பருவத்தின் கடலரிப்பை மட்டும் கண்டு கரை அழிந்தது என்று முடிவு செய்தல் பொருந்தாது.

அலைகள் எப்போதும் கரைக்கு நேர்ச்செங்குத்தாக வருவதில்லை. சாய்வாக வரும் அலை, மணலைச் சாய்வாக மேலேற்றுகிறது. ஆனால், திரும்பும் நீர் சரிவின் வழியே நேராக இறங்குகிறது. இதனால் ஒவ்வோர் அலைக்கும் மணல்துகள் பக்கவாட்டில் சிறிது நகர்கிறது. நாளொன்றுக்குப் பல்லாயிரம் அலைகள் வருவதால் கரையோரமாக மணல் ஓர் ஆறுபோல ஓடிக்கொண்டே இருக்கிறது. இதனைக் கரையோர மணலோட்டம் என்பர்.

தமிழகத்தின் கிழக்குக் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இம்மணலோட்டம் தெற்கிலிருந்து வடக்காகச் செல்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் சில மாதங்களில் வடக்கிலிருந்து தெற்காகத் திரும்புகிறது. தென்காற்றைச் சோழகம் என்றும் வடகாற்றை வாடை என்றும் பெயரிட்டு அழைத்த கடலோடிகள் இம்மாற்றத்தை நெடுங்காலமாக அறிந்தவர்கள். வடக்கு நோக்கிய ஓட்டம் பல மாதங்கள் நீடிப்பதால், ஆண்டுக் கணக்கில் பார்க்கும்போது மணல் வடக்கு நோக்கியே மிகுதியாக நகர்கிறது. கிழக்குக் கரையில் கடலரிப்பைப் புரிந்துகொள்வதற்கு இந்த ஒரு செய்தியே திறவுகோல்.

இம்மணலோட்டம் பல நிலத்தோற்றங்களை உருவாக்குகிறது. ஆற்றின் முகத்துவாரத்தில் நீரோட்டம் குறைந்த கோடையில் மணல் குறுக்கே குவிந்து வாயை அடைக்கும். கரைக்கு இணையாக நீண்ட மணல்திட்டு வளர்ந்து கடல்நீரின் ஒரு பகுதியை உள்ளே அடைத்தால் அது காயல் ஆகும். ஸ்ரீஹரிகோட்டா என்னும் நீண்ட மணல்தீவு வங்கக் கடலிலிருந்து பிரித்து வைத்திருக்கும் பழவேற்காடு ஏரி இதற்குச் சான்று. மாறாக, மணல்வரத்துக் குறைந்து பாறை மிகுந்த இடங்களில் அலை பாறையைக் குடைந்து செங்குத்துச் சரிவுகளையும் குகைகளையும் தனித்து நிற்கும் பாறைத்தூண்களையும் உண்டாக்குகிறது.

கடல் கொண்டதும் கடல் கொடுத்ததும்

தமிழர் வரலாற்றில் கடல் இரண்டு வகையாகவும் செயற்பட்டிருக்கிறது. காவிரி கடலொடு கலக்கும் புகார் நகரம் சோழரின் பெருந்துறைமுகமாக விளங்கியது. அந்நகரைக் கடல் கொண்ட செய்தியை மணிமேகலை கூறுகிறது. இன்று பூம்புகாரில் பண்டைய நகரின் எச்சங்கள் கரையிலும் கரையை ஒட்டிய கடலடியிலும் அகழாய்வாளர்களால் கண்டறியப்பட்டுள்ளன.

பாண்டியரின் முத்துத் துறைமுகமாகிய கொற்கைக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறானது. கொற்கையைக் கடல் கொள்ளவில்லை, கைவிட்டது. தாமிரபரணி கொண்டுவந்த வண்டல் முகத்துவாரத்தில் ஆண்டாண்டுக் காலமாகப் படிந்து நிலம் கடலுக்குள் நீண்டது. கப்பல்கள் வந்தடைய முடியாமற்போகவே வணிகம் காயலுக்குப் பெயர்ந்தது. பின்னர்க் காயலும் அதே வழியில் கடலை இழந்தது. இன்று கொற்கை, கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களும் பனைகளும் சூழ்ந்த சிற்றூர்.

கடல் மெதுவாக மட்டுமே மாறும் என்பதும் இல்லை. 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயலில் பொங்கிய கடல் தனுஷ்கோடி நகரை ஓரிரவில் அழித்தது. அந்நகரை நோக்கிச் சென்ற தொடர்வண்டி பயணிகளோடு கடலுக்கு இரையானது. மணலாலான குறுகிய நிலநாக்கின் மேல் அமைந்திருந்த அந்நகரம் பின்னர் மீண்டெழவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று வந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம், கடலூர், கன்னியாகுமரி ஆகிய மாவட்டங்களில் பல்லாயிரம் உயிர்களைப் பறித்தது.

ஒரு சுவரும் இரு கரைகளும்

இவையெல்லாம் இயற்கையின் மாற்றங்கள். மனிதச் செயலால் நேரும் மாற்றத்திற்குச் சென்னையே சிறந்த எடுத்துக்காட்டு. பழைய சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் நங்கூரமிட, மசூலாப் படகுகளில் மக்களும் சரக்கும் அலைகளைக் கடந்து கரை சேர்ந்தனர். புனித ஜார்ஜ் கோட்டையின் கிழக்கு மதிலுக்கு அண்மையிலேயே கடல் இருந்தது. 1870களில் கடலுக்குள் கல்சுவர்களை நீட்டித் துறைமுகம் அமைக்கும் பணி தொடங்கியது. 1881இல் வீசிய புயல் அச்சுவர்களைச் சிதைத்தது. அவை மீண்டும் கட்டப்பட்டன.

கப்பல்களுக்கு அரணாக எழுந்த சுவர் வடக்கு நோக்கிச் சென்ற மணலுக்குத் தடையாகவும் அமைந்தது. தெற்குப் பக்கத்தில் மணல் தேங்கித் தேங்கிக் கரை அகன்றது. ஆளுநர் கிராண்ட் டஃப் 1880களில் அங்கு உலாச்சாலை அமைத்து மெரினா எனப் பெயரிட்டார். இன்று இலட்சக்கணக்கானோர் கூடும் மெரினாவின் அகன்ற மணற்பரப்புப் பெரிதும் துறைமுகச் சுவரின் கொடை.

அச்சுவருக்கு வடக்கே நேர்ந்தது வேறு. வரவேண்டிய மணல் வராமற்போகவே இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரையிலான கரை தேயத் தொடங்கியது. மீனவர் குடியிருப்புகளின் தெருக்கள் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் சென்றன. காக்கும்பொருட்டுக் கற்கள் கொட்டப்பட்டன. ஒரு கரையின் இழப்பே மறுகரையின் வளமாயிற்று. மெரினாவில் காற்று வாங்குவோர் பலர் இவ்வுண்மையை அறிந்திரார்.

புதுச்சேரியிலும் இதே கதை நூறாண்டுகளுக்குப் பின் மீண்டும் நிகழ்ந்தது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகச் சுவர்கள் கட்டப்பட்டன. தெற்கே மணல் குவிந்தது. வடக்கே நகரின் கடற்கரை மறைந்து கருங்கற்களே எஞ்சின. நகரைக் காக்கக் கல்சுவர் எழுப்பியதும் கடலரிப்பு மேலும் வடக்கே நகர்ந்து, தமிழக எல்லையிலுள்ள மீனவச் சிற்றூர்களைத் தாக்கியது. கடலுக்கு மாநில எல்லை இல்லை. ஓர் அரசு கட்டிய சுவரின் விளைவை மற்றோர் அரசின் மக்கள் ஏற்க நேர்ந்தது.

கடற்கரை என்பது மீனவருக்கு வெறும் காட்சியிடம் அன்று. உழவருக்குக் களத்துமேடு எவ்வாறோ அவ்வாறே அவர்க்குக் கடற்கரை. படகுகளை ஏற்றி வைத்தல், வலை உலர்த்திப் பழுது நீக்குதல், மீனை ஏலமிடுதல், கருவாடு காயவைத்தல் ஆகிய அனைத்தும் அம்மணற்பரப்பிலேயே நடைபெறுகின்றன. இரு குழுவினர் கரையில் நின்று இழுக்கும் கரைவலைக்கு அகன்ற மணற்கரை இன்றியமையாதது. கரை தேய்ந்து கற்குவியலாகிவிட்டால், வீடு தப்பினாலும் தொழில் தப்புவதில்லை.

மணல் வராத ஆறு

கரையின் வாழ்வை ஒரு கணக்கேடாகக் கருதலாம். ஆறுகளும் கரையோர மணலோட்டமும் கொண்டுவருவது வரவு. அலையும் காற்றும் மனிதரும் எடுப்பது செலவு. துறைமுகச் சுவர் வரவை இடையில் நிறுத்துகிறது. வரவை அதன் ஊற்றுக்கண்ணிலேயே நிறுத்துபவையும் உள்ளன. அவை கடலிலிருந்து வெகுதொலைவில், உள்நாட்டில் இருக்கின்றன.

சேலம் மாவட்டத்தின் மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிக்கப்பட்டது. காவிரிப் படுகையின் வேளாண்மைக்கு அவ்வணை ஆற்றிவரும் பணி அளவிடற்கரியது. ஆயினும், அணையில் தேங்கும் நீர் அசைவற்று நிற்பதால் அது சுமந்து வந்த வண்டலும் மணலும் அணைக்குள்ளேயே படிகின்றன. தெளிந்த நீர் மட்டுமே கீழே செல்கிறது. வண்டலால் உருவான கழிமுக நிலம், புதிய வண்டல் வராதபோது தன் எடையால் சிறிது சிறிதாக அமிழும். அதன் கடலோரமும் தேயும். வசிட்ட நதியின் மேற்பகுதியில் ஆணைமடுவு, கரியகோவில் என்னும் இரு நீர்த்தேக்கங்கள் உள்ளன. வெள்ளாற்றின் குறுக்கே தொழுதூரிலும் சேத்தியாத்தோப்பிலும் அணைக்கட்டுகள் உள்ளன. பாசனத்திற்கு இவை தேவை. எனினும் ஒவ்வொரு தடுப்பும் மணலின் பயணத்தில் ஒரு சுங்கச்சாவடியே.

அணையைவிடக் கொடியது ஆற்றுமணலை அளவின்றி அள்ளுதல். ஆறு பல தலைமுறைகளில் சேர்த்த மணலை இயந்திரங்கள் சில நாள்களில் எடுத்துவிடுகின்றன. இதன் முதல் இழப்பு கடற்கரைக்கு அன்று, ஆற்றங்கரை ஊர்களுக்கே. மணற்படுகை நீரைத் தேக்கி வைக்கும் பஞ்சு போன்றது. வெள்ளம் வடிந்த பின்னும் அதன் அடியில் நீர் தங்கியிருக்கும். முன்னாளில் கோடையில் மணலைத் தோண்டி ஊற்றுநீர் இறைத்தது இதனால்தான். மணல் அகன்று பாறையும் களிமண்ணும் வெளிப்பட்டால் வெள்ளம் தங்காது ஓடிவிடும். கரையோரக் கிணறுகளின் நீர்மட்டம் தாழும். பாலங்களின் அடித்தளம் வெளித்தெரியும். அதே மணல் கடலை அடையாததால், பின்னொரு காலத்தில் கடற்கரையும் தேயும். ஆத்தூர் உழவரின் கிணறும் பரங்கிப்பேட்டை மீனவரின் கரையும் ஒரே மணலை நம்பியிருக்கின்றன.

ஆறு மணலை மட்டும் கொண்டுசெல்வதில்லை. மரவள்ளி விளையும் ஆத்தூர்ப் பகுதியில் சேகோ ஆலைகள் மிகுதி. ஆலைக்கழிவும் ஊர்க்கழிவும் தூய்மையாக்கப்படாமல் ஆற்றில் கலந்தால், அவை மழை வெள்ளத்தோடு கழிமுகம் வரை செல்லும். கழிமுகம் இறால், நண்டு, மீன் ஆகியவற்றின் குஞ்சுகள் வளரும் தொட்டில். வெள்ளாற்றுக் கழிமுகத்தின் உயிரினங்களை, பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது.

காக்கும் வழிகள்

கடற்கரையைக் காக்கும் முறைகளை வன்முறைத் தடுப்பு, மென்முறைத் தடுப்பு என இரண்டாகப் பகுக்கலாம்.

கல்லாலும் காரையாலும் அலையை எதிர்த்து நிற்பது வன்முறைத் தடுப்பு. கரைக்கு இணையாகக் கட்டப்படும் அலைத்தடுப்புச் சுவர், பின்னுள்ள வீடுகளை உடனடியாகக் காக்கிறது. ஆனால், சுவரில் மோதித் திரும்பும் அலை அதன் அடியிலுள்ள மணலை அரித்துச் செல்வதால், சுவருக்கு முன்னிருந்த கரை மறைகிறது. கரையிலிருந்து கடலுக்குள் நீட்டப்படும் கற்குவியலைத் தமிழகக் கடலோரத்தில் தூண்டில் வளைவு என்பர். அது மணலோட்டத்தைத் தடுத்துத் தனக்குத் தெற்கே கரையை வளர்க்கும். வடக்கே அடுத்த ஊரின் கரையைத் தேய்க்கும். அவ்வூர் மக்களும் தூண்டில் வளைவு கேட்பர். அடுத்து மற்றோர் ஊர் கேட்கும். இவ்வாறு கற்கள் கரை நெடுகிலும் தொடர்கின்றன. தம் வீட்டு வாயிலில் கடல் நிற்கும்போது அம்மக்கள் கல்லைக் கேட்பதில் குறை காண இயலாது. ஊர்தோறும் தனித்தனியே தீர்வு தேடாமல், மணலோட்டம் முழுவதையும் ஒன்றாகக் கருதித் திட்டமிட வேண்டும் என்பதே இதிலிருந்து பெறும் பாடம்.

இயற்கையின் போக்கோடு இயைந்து செல்வது மென்முறைத் தடுப்பு. ஒரு பக்கம் தேங்கிய மணலை எடுத்து மறுபக்கம் சேர்ப்பது இதில் ஒன்று. புதுச்சேரியில் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், நீருக்கடியில் செயற்கைப் பாறைத்திட்டு ஒன்றை அமைத்து அலையின் வேகத்தைத் தணித்தது. 2019ஆம் ஆண்டளவில் தலைமைச் செயலகத்தின் எதிரே மறைந்திருந்த மணற்கரை மீண்டும் தோன்றியது. அந்நகரின் இளந்தலைமுறை தம் ஊர்க் கடற்கரையில் மணலை அப்போதுதான் முதன்முதலாகக் கண்டது.

மணல்மேடுகளைக் காத்தல் மற்றொரு வழி. கடற்கரையின் பின்புறம் காற்றால் குவியும் மணல்மேடு, புயற்காலத்தில் அலைக்குக் கொடுக்கவென்று கரை சேர்த்து வைத்த சேமிப்பு. அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் தாழையும் வேரோடி அம்மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. மணல்மேட்டைச் சமன்செய்து கட்டடம் எழுப்புவது, விதைநெல்லை உண்பதற்கு ஒப்பாகும்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே உள்ள பிச்சாவரம், அலையாத்திக் காடுகளால் புகழ்பெற்றது. சுரபுன்னையின் வளைந்த தாங்குவேர்கள் அலையின் விசையைக் குறைத்துச் சேற்றைப் படியச் செய்கின்றன. தில்லை மரமும் இக்காட்டில் உண்டு. சிதம்பரத்துக்குத் தில்லை என்னும் பெயர் அம்மரத்தால் வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் இக்காட்டின் மரங்கள் பகுதி பகுதியாக முற்றிலும் வெட்டப்பட்டன. வெட்டிய இடம் வெயிலில் காய்ந்து தாழ்ந்து, கடல்நீர் தேங்கி உப்பு மிகுந்ததால் மீண்டும் மரம் முளைக்கவில்லை. 1990களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து, மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டின. ஓதநீர் நாள்தோறும் வந்து திரும்பியது, உப்பு குறைந்தது, நட்ட கன்றுகள் காடாயின. காடு ஏன் அழிந்தது என்பதை அறிந்ததால்தான் அதனை மீட்க முடிந்தது. 2022இல் பிச்சாவரம் உலக முதன்மை வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது.

சட்டத்தின் கரை

கடற்கரையைக் காக்கும் பொருட்டு இந்திய அரசு 1991 பிப்ரவரியில் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரையுள்ள பகுதியில் எவை செய்யலாம், எவை செய்யலாகாது என அது வரையறுத்தது. அவ்வறிவிக்கை 2011இலும் 2019இலும் திருத்தி வெளியிடப்பட்டது. மக்கள்தொகை மிகுந்த ஊரகக் கடலோரங்களில் கட்டடத்திற்குத் தடை செய்யப்பட்ட 200 மீட்டர் அகலத்தை, 2019ஆம் ஆண்டின் அறிவிக்கை 50 மீட்டராகக் குறைத்தது. கடலோர மக்களின் வீட்டுத் தேவைக்கு இது உதவும் என்போரும், கடலுக்கு விட்ட இடம் சுருங்கும் என்போரும் உள்ளனர்.

சட்டம் ஏட்டில் இருந்தால் போதாது. அதனைக் கேட்டுப் பெறும் குரலும் வேண்டும். 1990களில் தமிழகக் கடலோரத்தின் வயல்கள் இறால் பண்ணைகளாக மாற்றப்பட்டபோது, குடிநீரும் விளைநிலமும் உவர்ப்பாவதைக் கண்ட காந்தியர் எஸ். ஜெகந்நாதன் மக்களைத் திரட்டி அறவழியில் போராடினார். உச்ச நீதிமன்றத்தையும் நாடினார். 1996 டிசம்பரில் வெளியான தீர்ப்பு, ஒழுங்குமுறை மண்டலத்துள் அத்தகைய பண்ணைகள் அமைவதற்குத் தடை விதித்தது. இந்தியக் கடலோரச் சட்ட வரலாற்றில் அத்தீர்ப்பு ஒரு திருப்புமுனை.

ஏறும் கடல்

இந்தியக் கரையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தேய்ந்து வருவதாகச் சென்னையிலுள்ள தேசியக் கடலோர ஆராய்ச்சி மையத்தின் ஆய்வு கூறுகிறது. தமிழகத்தில் தேயும் பங்கு அதனினும் மிகுதி. 1901க்கும் 2018க்கும் இடையில் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்திருப்பதாகப் பன்னாட்டு அறிவியலாளர் குழு கணித்துள்ளது. வெப்பத்தால் கடல்நீர் விரிவதும் பனிப்பாளங்கள் உருகுவதும் இதற்குக் காரணங்கள். ஒரு சாண் அளவேனும், சரிவு குறைந்த கடற்கரையில் அது பல மீட்டர் நிலத்தை விழுங்க வல்லது. மணல்வரவு குன்றாத கரை, ஏறும் கடலோடு தானும் உயர்ந்து ஓரளவு ஈடுகொடுக்கும். மணல் வராத கரையால் அது இயலாது. கடல்மட்டம் உயர்வதை ஓர் ஊரோ ஒரு நாடோ தனித்துத் தடுக்க முடியாது. ஆற்றின் மணலை ஆற்றில் விடுவதோ, ஆற்றங்கரையில் வாழ்வோர் கையில் உள்ளது.

வடகிழக்குப் பருவமழையில் வசிட்ட நதி சிவந்து ஓடும்போது, பாலத்தின்மேல் நின்று அதனைப் பார்ப்போர் ஆத்தூரில் பலர். அவ்வெள்ளத்தின் அடியில், கண்ணுக்குத் தெரியாமல் ஒரு கடற்கரை கிழக்கு நோக்கிப் பயணம் செய்துகொண்டிருக்கிறது.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரின் ஓடையோ ஆறோ எந்த ஆற்றில் சேர்ந்து, எவ்விடத்தில் கடலை அடைகிறது என்பதை நிலப்படத்தின் துணையுடன் கண்டறிந்து, வழியில் உள்ள ஊர்களையும் அணைக்கட்டுகளையும் குறித்து ஒரு படம் வரைக.

2. உங்கள் பகுதி ஆற்றின் மணலும் ஊற்றும் முன்னர் எவ்வாறு இருந்தன என்பதை வீட்டிலுள்ள மூத்தோரிடம் கேட்டு, இன்றைய நிலையோடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.

3. ‘கடலரிப்பால் பாதிக்கப்பட்ட ஊருக்குத் தூண்டில் வளைவு அமைக்கலாமா?’ என்னும் பொருளில், அவ்வூர் மக்கள், அடுத்த ஊர் மக்கள், பொறியாளர், ஆட்சியர் ஆகியோராக நின்று வகுப்பறையில் கலந்துரையாடுக.